சர்வதேச விண்வெளி நிலையம்: கழற்றி மாட்ட முடிந்ததெல்லாம் பிழைத்தது

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு சோதனையை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் கேட்பது மூன்று விஷயங்களை: அங்கே எது ஒழுங்காக ஓடுகிறது, எது அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, செலவழிக்கும் காசுக்கும் காத்திருக்கும் காலத்துக்கும் அது தகுமா. சாதனைப் பட்டியல்களில் இதற்கு விடை கிடைக்காது. நிலையத்தின் குழாய்கள், வால்வுகள், பழுதுகளின் வரலாறு இவற்றைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நிலையத்தில் கெட்டுப்போகாத பாகம் என்று அநேகமாக எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் 2000 நவம்பர் 2 முதல் அது ஒரு நாள்கூட ஆளில்லாமல் கிடந்ததில்லை. கெட்டதைக் கழற்றி வேறொன்றை மாட்டும்படி பெரும்பாலான பாகங்களை வடிவமைத்தது அதற்கு முக்கியக் காரணம். அப்படிக் கழற்ற வழி வைக்காத ஒருசில இடங்கள்தான் இன்று பெரிய தலைவலியாக நிற்கின்றன. அனுப்பப்போகும் கருவியை வடிவமைப்பவர்களும் இந்த ஒரு பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.

அடிப்படை விவரங்கள் சுருக்கமாக. 1998 நவம்பர் 20 அன்று பைக்கானூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் நிலையத்தின் முதல் பகுதியான ஸார்யா கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து எண்டெவர் விண்ணோடம் அமெரிக்க இணைப்புப் பகுதியான யூனிட்டியைக் கொண்டுபோய் அதோடு பூட்டியது. நாசா, ரோஸ்காஸ்மாஸ், ஐரோப்பிய விண்வெளி முகமை, ஜப்பானின் ஜாக்ஸா, கனடா விண்வெளி முகமை ஆகிய ஐந்தும் கூட்டாளிகள். ஒப்பந்தத்தில் 15 நாடுகள். எடை சுமார் 420 டன், நீளம் 109 மீட்டர். காற்றடைத்த கொள்ளளவு ஆயிரம் கன மீட்டரை ஒட்டி இருந்தாலும், கருவிகளும் மூட்டைகளும் அடைத்துக்கொண்டது போக மனிதர் புழங்கக் கிடைப்பது 388 கன மீட்டர். வழக்கமாக 7 பேர் இருப்பார்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 51.6 டிகிரி சாய்வில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம்; உள்ளே இரண்டு குடித்தனம். ரஷ்யப் பகுதியில் மின்சாரம் 28 வோல்ட், அமெரிக்கப் பகுதியில் 120 வோல்ட்டை ஒட்டியது. நடுவே மாற்றிகளை வைத்துத்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொடுக்க முடியும். குடிநீரில் கிருமி வளராமலிருக்க ரஷ்யர்கள் வெள்ளியைச் சேர்க்கிறார்கள், அமெரிக்கர்கள் அயோடினை. இரண்டையும் அப்படியே கலந்தால் வெள்ளி அயோடைடு அடியில் படிந்து இரண்டு மருந்தும் வீணாகும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வீண் செலவாகத் தெரியும். நிலையத்தைக் காப்பாற்றியதே இந்த இரட்டை ஏற்பாடுதான் என்பது எங்கள் கருத்து. 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதறி, மற்ற விண்ணோடங்கள் நிறுத்தப்பட்டபோது, ரஷ்யாவின் ஆள் ஓடமான சோயுஸும் சரக்கு ஓடமான புரோகிரஸும் இரண்டே பேரை வைத்து நிலையத்தை ஓட்டின. ரஷ்யப் பகுதியின் எலெக்ட்ரான் ஆக்சிஜன் கருவி பலமுறை படுத்திருக்கிறது. 2007இல் அமெரிக்கப் பகுதியிலும் நீரைப் பிரித்து ஆக்சிஜன் தரும் கருவி ஓடத் தொடங்கிய பிறகு, ஒன்று நின்றால் மற்றொன்று கைகொடுக்கிறது. பாதையை உயர்த்த நீண்ட காலம் பெரும்பாலும் ரஷ்ய எஞ்சின்களையே நம்பியிருந்தது. நிலையம் திரும்பிவிடாமல் பிடித்து வைப்பவை அமெரிக்கப் பகுதியின் நான்கு கைரோ சக்கரங்கள். அரசியல் எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் எவரும் கோபித்துக்கொண்டு தன் பகுதியைக் கழற்றிப் போக முடியாது.

இடம், மின்சாரம், கதவு

ஆய்வுக்கூடத்தின் அடிப்படை அலகு ஓர் அலமாரி. உயரம் சுமார் 2 மீட்டர், அகலம் 1.05 மீட்டர், உள்ளே 1.6 கன மீட்டர் இடம். அமெரிக்காவின் டெஸ்டினி, ஐரோப்பாவின் கொலம்பஸ், ஜப்பானின் கிபோ மூன்றிலும் இதே அளவு. மின்சாரம் இடத்தைப் பொறுத்து 3 அல்லது 6 கிலோவாட், சில இடங்களில் அதற்கு மேலும். சூட்டை இழுக்க 17 டிகிரி செல்சியஸ் நீர்ச்சுற்று. சில இடங்களில் 4 டிகிரி நீர்ச்சுற்றும் உண்டு. நைட்ரஜன் குழாயும் விண்வெளிக்குத் திறக்கும் வெற்றிடக் குழாயும் கிடைக்கும். பலருக்கு முழு அலமாரி தேவைப்படாது. எக்ஸ்பிரஸ் அலமாரி என்ற வகையில் எட்டுப் பெட்டிகளும் இரண்டு இழுப்பறைகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 28 வோல்ட் மின்சாரம், தரவுக் கம்பி, குளிர்விக்கும் காற்று. முதல்முறை அனுப்புகிறவர்களுக்கு இதுவே சரியான இடம். கருவி அந்தப் பெட்டிக்குள் அடங்காது என்றால், அதைச் சுருக்க வழி தேடுவது பெரிய இடத்துக்கு மனுப்போடுவதைவிட வேகமாக முடியும்.

பெரிய கருவி அனுப்ப நினைப்பவர்கள் கோட்டைவிடும் இடம் கதவு. நிலையத்தின் உட்பகுதிகளை இணைக்கும் அகலக் கதவு 127 சென்டிமீட்டர் சதுரம். அலமாரி அப்படியே நுழையும். ரோபோ கையால் பிடித்துப் பூட்டப்படும் சரக்கு ஓடங்கள் அந்தப் பக்கம்தான் சேரும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இப்போதைய டிராகன் ஓடமோ தானாக வந்து இணையும் வகை. அதன் வாயில் அகலம் சுமார் 80 சென்டிமீட்டர். முழு அலமாரி அதில் நுழையாது. ஆகவே எந்த ஓடத்தில் ஏறப்போகிறது என்று தெரியாமல் கருவியின் வெளி அளவை முடிவு செய்யக் கூடாது.

திரும்பி வருவது இன்னும் குறுகலான விஷயம். அமெரிக்கச் சரக்கு ஓடமான சிக்னஸும் ரஷ்யாவின் புரோகிரஸும் குப்பையோடு வளிமண்டலத்தில் எரிந்துபோகின்றன. சோயுஸில் ஆட்கள் போக மிச்ச இடம் கொஞ்சம்தான். மாதிரிகளைக் கணிசமான அளவில், குளிர் கெடாமல் தரைக்குக் கொண்டுவர டிராகனை விட்டால் ஆளில்லை. செல்களையோ இரத்த மாதிரிகளையோ மைனஸ் 80 டிகிரிக்குக் கொண்டுபோகும் மெல்ஃபி உறைபெட்டிகள் நிலையத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. பிரச்சினை வருவது பெட்டியிலிருந்து எடுத்து ஓடத்துக்கு மாற்றும் நேரத்திலும், கடலில் இறங்கிய பிறகு ஆய்வகத்துக்குப் போய்ச்சேரும் நேரத்திலும்தான். மாதிரி எவ்வளவு நேரம் சூடேறாமல் தாங்கும் என்பதைத் தரையிலேயே அளந்து, அந்த எண்ணைத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.

ஏற்றிச்செல்லும் ஓடமே அழிந்துபோன சமயங்களும் உண்டு. 2014 அக்டோபரில் சிக்னஸ், 2015 ஏப்ரலில் புரோகிரஸ், அதே ஆண்டு ஜூனில் டிராகன் என எட்டு மாதத்தில் மூன்று சரக்குகள் போயின. கடைசியில் போனதில் நிலையத்துக்கான புதிய இணைப்பு வளையமும் இருந்தது. அதற்கு மாற்று செய்து 2019இல்தான் அனுப்ப முடிந்தது. கருவியில் ஒரே பிரதி மட்டும் செய்வது அறிவீனம். தரையில் அதே மாதிரி இன்னொன்று இருக்க வேண்டும். மேலே ஏதாவது கெட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் அதுவே உதவும்.

அனுப்புவதற்கு முன்

நீளமான கட்டம் பாதுகாப்பு மதிப்பாய்வு. வடிவமைப்பு, கட்டுமானம், இறுதிச் சரிபார்ப்பு என்று படிப்படியாகக் குழுவின் முன் போக வேண்டும். அவர்கள் பார்க்கும் விஷயங்கள் கணிக்கக்கூடியவைதான். நச்சு நீர்மம் இருந்தால் ஆபத்தின் தரத்துக்கேற்ப இரண்டு அல்லது மூன்று தனித்தனி அடைப்புகள். கை படும் பரப்பு 45 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. கண்ணாடி உடைந்தால் தூள் கீழே விழாது, மிதந்து கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகும். ஆகவே கண்ணாடியை மூடிய உறைக்குள்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக், பசை, கம்பி உறை எல்லாவற்றுக்கும் தீப்பற்றும் சோதனையும் வாயு கசியும் சோதனையும் உண்டு. லித்தியம் பேட்டரி இருந்தால் தனிச் சோதனை. பேட்டரி இல்லாமல் நிலையத்தின் மின்சாரத்திலேயே ஓடும்படி செய்தால் மாதக்கணக்கில் வேலை மிச்சம்.

நுண்ஈர்ப்பில் கருவிகள் தோற்பதற்கு அடிக்கடி வரும் காரணங்கள் இரண்டு. முதலாவது குமிழி. தரையில் குமிழி மேலே ஏறிப் போய்விடும்; அங்கே அது பிறந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு நுண்குழாயை அடைக்கும், உணரியை மறைக்கும், செல்கள் ஒட்டும் பரப்பை உலர்த்தும். நீர்மத்தை முன்பே வாயு நீக்கி நிரப்புவது, வழியில் குமிழிப் பொறி வைப்பது, கடைசி நிமிடத்தில் ஊசியால் நிரப்பும் திட்டங்களைத் தவிர்ப்பது, இந்த மூன்றையும் செய்தால் பாதிக் கவலை தீரும். இரண்டாவது சூடு. சூடான காற்று மேலே எழாததால் விசிறி இல்லாத மின்சுற்று தன் சூட்டிலேயே வேகும். தரையில் மேசைமீது வைத்துப் பல நாள் ஓடிய பலகை அங்கே சில மணி நேரத்தில் அணைந்துபோகலாம். விசிறி வையுங்கள், அல்லது சூட்டை உலோகத் தகடு வழியாக அலமாரியின் குளிர்பகுதிக்குக் கடத்துங்கள். விசிறி வைத்தால் தூசி வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். தரையில் இறங்காத தூசியும் நூலிழைகளும் தோல் செதில்களும் விசிறி இழுக்கும் பக்கமே வந்து சேரும். மாதக்கணக்கில் ஓடும் கருவி என்றால் வடிகட்டியை வீரர் வெளியிலிருந்தே சுத்தம் செய்யும்படி வைக்க வேண்டும்.

அதிர்வு பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தில் புவியீர்ப்பின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பார்கள். அமைதியான நேரத்தில், நிலையத்தின் நிறைமையத்தை ஒட்டிய இடங்களில், அது ஓரளவு உண்மை. வீரர்கள் ஓடுபொறியில் ஓடும்போதும், ஓடம் வந்து இணையும்போதும், பாதையை உயர்த்தும்போதும் உண்மையாக இருக்காது. படிக வளர்ப்பு, நீர்ம ஓட்டம் போன்ற நுட்பமான சோதனைகளை வீரர்கள் தூங்கும் நேரத்துக்கு ஒதுக்கிக் கேட்பது நல்லது. தரையிலிருந்தே இயக்கும்படி வடிவமைத்தால் அந்த நேரம் எளிதாகக் கிடைக்கும்.

மனித நேரம்

இந்த நிலையத்தில் மின்சாரத்தையும் இடத்தையும்விட அரிதான பொருள் மனிதனின் நேரம். அமெரிக்கப் பகுதிக்கு நீண்ட காலம் இருந்த இலக்கு, எல்லாரும் சேர்ந்து வாரத்துக்கு 35 மணி நேர ஆராய்ச்சி. வீரர் எண்ணிக்கை கூடிய பிறகு அதைத் தாண்டியிருக்கிறார்கள். மீதி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: எலும்பும் தசையும் கரையாமலிருக்க ஒவ்வொருவருக்கும் நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேர உடற்பயிற்சி, வடிகட்டி மாற்றல், கழிப்பறை பழுது, சரக்கு இறக்கல், பொருள் தேடல். பொருள் தேடல் சின்ன விஷயம் அல்ல. பைக்குள் பை வைத்து அடுக்கிய இடத்தில், பட்டைக்குறியீடு ஒட்டிய ஒரு பொருளைத் தவறான பையில் போட்டுவிட்டால் அது பல மாதம் கண்ணில் படாமல் போகும். கருவிக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பையில், பயன்படுத்தும் வரிசையில் அடுக்கி அனுப்புங்கள். வீரருக்கான வழிமுறையில் படி குறையக் குறைய நல்லது. செருகு, ஆன் செய், பச்சை விளக்கு எரிகிறதா பார் என்று முடிந்தால் வெற்றி பாதி உறுதி.

விலையைப் பற்றி. நாசாவோ நிலையத்தின் அமெரிக்க தேசிய ஆய்வகமோ தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சிகளுக்குப் பயணமும் வீரர் நேரமும் பொதுவாக ஒதுக்கீட்டிலிருந்து போகும். கருவி செய்யும் செலவுதான் கையைக் கடிக்கும். முழு வணிக வேலைகளுக்கு 2021 பிப்ரவரியில் விலையைக் கடுமையாக ஏற்றினார்கள். ஒரு கிலோ மேலே கொண்டுபோக 3,000 டாலராக இருந்தது 20,000 ஆனது. ஒரு மணி நேர வீரர் நேரம் 17,500 டாலரிலிருந்து 1,30,000 டாலருக்குப் போனது. பழைய விலை மானிய விலை என்பது உண்மை. ஆனால் இவ்வளவு ஏற்றத்தை ஒரே நாளில் அறிவித்தது, அங்கே தொழில் கட்ட நினைத்த சிறிய நிறுவனங்களுக்குச் செய்த அநியாயம்.

தண்ணீரும் காற்றும்

நிலையத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு வீரருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3.8 லிட்டர் தண்ணீர் வேண்டும். எல்லாவற்றையும் தரையிலிருந்து ஏற்றிக் கட்டுப்படியாகாது. 2008 நவம்பரில் வந்த நீர் மீட்பு அமைப்பு, சிறுநீரையும் வியர்வையையும் மூச்சு ஈரத்தையும் குடிநீராக்குகிறது. சிறுநீரை அமிலமும் குரோமியச் சேர்மமும் கலந்து பதப்படுத்தி, குறைந்த அழுத்தத்தில் சுழலும் கலத்தில் ஆவியாக்கிப் பிடிப்பார்கள். பிறகு அது மற்ற ஈரத்தோடு சேர்ந்து வடிகட்டிப் படுகைகளையும் சூடான வினையூக்கிக் கலத்தையும் தாண்டும்.

ஓராண்டு ஆவதற்குள்ளேயே அடைத்துக்கொண்டது. காரணம் வீரர்களின் எலும்பு. எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கரையும் கால்சியம் சிறுநீரில் கூடுதலாக வந்து, பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு கூடிக் கால்சியம் சல்ஃபேட்டாகப் படிந்தது. 85 சதவீதம் மீட்க வேண்டிய கருவியை 70 சதவீதத்தை ஒட்டிய அளவுக்குக் குறைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. பின்னர் கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்போரிக் அமிலம் சேர்த்தார்கள். படிவு அடங்கி, மீட்பு பழைய அளவுக்குத் திரும்பியது. 2021இல் வந்த உப்புக்கரைசல் கருவி மிச்சக் கழிவையும் சவ்வுப் பையில் வைத்து வெதுவெதுப்பான காற்றால் உலர்த்தி ஈரத்தைப் பிடிக்கிறது. 2023இல் மொத்த மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது. செவ்வாய்க்குப் போகும் கனவு காண்பவர்கள் வணங்க வேண்டிய எண் இது. இன்னொரு கோளாறும் சுவையானது. வீரர்களின் முகப்பூச்சு, சோப்பு வகைகளிலும் சீலன்ட்களிலும் உள்ள சிலிக்கான் சேர்மங்கள் காற்றில் கலந்து, ஈரத்தோடு நீருக்குள் வந்து, வடிகட்டிப் படுகைகளை நேரத்துக்கு முன்பே தாண்டிவிட்டன. தண்ணீரில் கரிமக் கார்பன் அளவு ஏறியதைப் பார்த்துத்தான் அது பிடிபட்டது. அனுப்பும் கருவியில் சிலிக்கோன் பசையைத் தாராளமாகப் பூசுபவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

காற்றுக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பெண் குறைவு. கார்பன் டை ஆக்சைடை ஜியோலைட் மணிகள் நிறைந்த படுகையில் பிடித்து, சூடாக்கி வெளியேற்றுகிறார்கள். சூடு, குளிர், சூடு என்று மாறி மாறி மணிகள் உதிர்ந்து தூளாகி வால்வுகளை அடைத்தது பல ஆண்டுத் தொல்லை. தரையில் இந்த வாயுவின் அழுத்தம் 0.3 மில்லிமீட்டர் பாதரசம். நிலையத்தில் 2, 3 என்று இருப்பது சாதாரணம். வீரர்கள் தலைவலி, கவனக்குறைவு என்று சொல்லச் சொல்ல அனுமதி வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். புதிய கருவிகள் நிலைமையை மேம்படுத்தியிருக்கின்றன. ஆனாலும் செல், தாவரம், விலங்கு சோதனை செய்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: தரையில் வைக்கும் ஒப்பீட்டு மாதிரிக்கும் அதே கார்பன் டை ஆக்சைடு அளவைக் கொடுக்காவிட்டால், பார்க்கும் மாற்றம் ஈர்ப்பால் வந்ததா காற்றால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

வெளிச்சுவருக்கு அப்பால்

உள்ளே சூட்டை இழுப்பது நீர், வெளியே அம்மோனியா. அம்மோனியா உறைவது மைனஸ் 77 டிகிரியில்தான். வெளியே அதுதான் தாங்கும். ஆனால் நச்சு, உள்ளே விட முடியாது. இரண்டும் வெப்ப மாற்றியில் சந்திக்கும். 2010 ஜூலை 31 அன்று வெளியே இருந்த பம்ப் ஒன்று நின்று, நிலையத்தின் குளிர்விப்பில் பாதி போனது. மாற்று பம்ப் வெளியிலேயே தயாராகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. டக் வீலாக்கும் டிரேசி கால்ட்வெல் டைசனும் மூன்று விண்நடைகளில் அதை மாட்டினார்கள். குழாய் இணைப்பு ஒன்று சிக்கிக்கொண்டு அம்மோனியா பனித்துகள் பறந்ததுதான் முதல் விண்நடையை நீட்டியது. 2013இல் மறுபடி வால்வு கெட்டபோது இரண்டே விண்நடைகளில் வேலை முடிந்தது. கைரோ சக்கரங்கள், பேட்டரிகள், கணினிப் பெட்டிகள் எல்லாம் இதே கதைதான்: 48 நிக்கல் ஹைட்ரஜன் பேட்டரிகள் இருந்த வேலையை 2017 முதல் 2021 வரை மாட்டிய 24 லித்தியம் அயனி பேட்டரிகள் செய்கின்றன. பழைய சூரியத் தகடுகள் மங்கியபோது அவற்றின் மேலேயே சுருள் தகடுகளை விரித்தார்கள்.

சூரியத் தகடுகளைச் சுழற்றும் வலப்பக்க வளையம் கொஞ்சம் பயமுறுத்தியது. 2007இல் திறந்து பார்த்தபோது உலோகத் தூள். மசகு போதாமல் உருளைகள் வளையத்தின் கடினப்பரப்பைச் சுரண்டியிருந்தன. 2008இல் துடைத்து, 12 பேரிங் தொகுதிகளில் 11ஐ மாற்றி, கிரீஸ் பூசியதும் ஓடியது. இடப்பக்கத்துக்கும் முன்னெச்சரிக்கையாகக் கிரீஸ் போட்டார்கள்.

கழற்றும் வழி வைக்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஏ.எம்.எஸ். சிறந்த உதாரணம். 2011 மே மாதம் மாட்டிய இந்தக் காஸ்மிக் கதிர் உணரி மூன்று ஆண்டுக்குத் திட்டமிடப்பட்டது. விண்ணில் பழுதுபார்க்கும் எண்ணமே வடிவமைப்பில் இல்லை. அதன் நான்கு குளிர்விப்பு பம்புகளும் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. 2019 நவம்பர் முதல் 2020 ஜனவரி வரை லூகா பர்மிட்டானோவும் ஆண்ட்ரூ மார்கனும் நான்கு விண்நடைகள் செய்தார்கள். தடித்த கையுறையோடு சிறு திருகுகளைக் கழற்றி, எட்டு எஃகுக் குழாய்களை வெட்டி, புதிய பம்ப் பெட்டியின் குழாய்களோடு நெரித்து இணைக்க வேண்டியிருந்தது. அதற்கென்றே இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளைப் புதிதாகச் செய்தார்கள். ஓர் இணைப்பில் கசிவு கண்டு மறுபடி இறுக்கிய பிறகே முடிந்தது. நிலையத்தில் நடந்த பழுதுவேலைகளிலேயே உயர்ந்தது என்று இதைச் சொல்வோம். கழற்றும் இணைப்பு நான்கு முதலிலேயே வைத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது என்பதும் உண்மை.

ரஷ்யப் பகுதியிலுள்ள ஸ்வெஸ்தா கூடத்தின் பின்கோடியில் இருக்கும் சிறு சுரங்கவழிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2019இல் அங்கே காற்று கசியத் தொடங்கியது. காரணம் உலோகத்தில் விழுந்த நுண்விரிசல்கள். அதிர்வினால் வந்த சோர்வு என்பது ரஷ்யப் பொறியாளர்களின் கணிப்பு. அழுத்தம், உள்தகைவு, உலோகத்தின் தன்மை, சூழல் எல்லாம் சேர்ந்தது என்பது அமெரிக்கர்களுடையது. 2024 ஏப்ரலில் கசிவு நாளுக்கு 1.7 கிலோ வரை போனது. சுவரைக் கழற்ற முடியாது. விரிசல் தேடி சீலன்ட் பூசுவதும், சரக்கு ஏற்றி இறக்கும்போது தவிர கதவை மூடி வைப்பதும்தான் வழி. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சென்ற ஆக்ஸியம் 4 பயணம் தள்ளிப்போன காரணங்களில் இந்தப் பகுதியின் அழுத்தச் சோதனையும் ஒன்று. நிலையத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுரங்கவழியைத்தான்.

விண்நடை உடைகளும் கவலைக்குரியவை. அமெரிக்க உடையின் அடிப்படை விண்ணோடக் காலத்தது. 2013 ஜூலையில் பர்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஏறி, மூக்குவரை வந்தது. நீரில் இருந்த சிலிக்கா நீர்ப்பிரிப்பானின் துளைகளை அடைத்ததே காரணம். 2022இலும் ஒரு தலைக்கவசத்துக்குள் தண்ணீர் வந்தது. வெளியே கருவி வைக்க விரும்புகிறவர்கள் விண்நடையை நம்பித் திட்டம் போடாமல், ரோபோ கையால் மாட்டும் தளங்களைக் கேட்பது மேல்.

யார் அனுப்பலாம், எப்போது

எரிதல் ஆய்வுகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சுடர் அணைந்த பிறகும் எரிபொருள் துளி கண்ணுக்குத் தெரியாத குளிர்சுடராகத் தொடர்ந்து எரிவது இங்கேதான் வெளிப்பட்டது. மிகக்குளிர் அணுக்கள், நீண்ட கால மனித உடலியல், புரதப் படிகம், நீர்மப் பரப்பு இயற்பியல் இவற்றுக்கும் தயங்காமல் பரிந்துரைப்போம். பூமியைப் படமெடுக்க மட்டும் என்றால் வேண்டாம். தனிச் செயற்கைக்கோளே மேல். சில நிமிட எடையின்மை போதும் என்பவர்கள் விமானத்தில் செய்யும் பரவளையப் பறப்பையோ சிறு ராக்கெட்டையோ பார்க்கலாம்.

காலம் குறைவு. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், கனடா 2030 வரை ஒப்புக்கொண்டிருக்கின்றன. ரஷ்யா 2028 வரை. நிலையத்தைக் கட்டுப்பாட்டோடு கீழிறக்கும் ஓடத்துக்கு 2024 ஜூனில் நாசா ஸ்பேஸ்எக்ஸுக்கு 84.3 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் கொடுத்தது. கருவி வடிவமைப்பு, பாதுகாப்பு மதிப்பாய்வு, ஏவுதலுக்கான வரிசை எல்லாம் சேர்ந்து இரண்டு ஆண்டு எளிதாகப் போகும். முதல் ஓட்டத்தில் குமிழியோ சூடோ கெடுத்தால் இரண்டாவது ஓட்டம் வேண்டும். அதற்கும் இடம் வேண்டுமானால் விண்ணப்பம் இந்த ஆண்டே போக வேண்டும். கருவி புதிதாகச் செய்ய நேரமில்லாதவர்கள், ஏற்கெனவே மேலே இருக்கும் நுண்ஈர்ப்புக் கையுறைப் பெட்டியிலோ எரிதல் அலமாரியிலோ பொருந்தும் மாதிரிப் பொதியை மட்டும் செய்து அனுப்பலாம்.